ஞாயிற்றுக்கிழமைகளில் பெய்யாத மழை

அனுப்புநர்:
அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர்,
(இடைநீக்கம் செய்யப்பட்ட ஷட்டர் இயக்குநரின் தங்கை)
நீர்த்தேக்கச் சாலை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மழைத் தரவு மையம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: பொதுமக்கள் பார்வைக்கான மழைத் தரவிலுள்ள பொய்ச் சுழியங்களை நீக்கவும், இணையத்திலிருந்து எடுக்கப்பட்ட அத்தரவைத் திரும்ப வைக்கவும், விசாரணை அதிகாரிக்கு உண்மையை எழுதித் தரவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. ஆகவே இதில் பணிவு சற்றுக் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் அண்ணன் எங்கள் ஊர் நீர்த்தேக்கத்தில் இருபத்து மூன்று ஆண்டுகளாக ஷட்டர் இயக்குபவர். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீர் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியது. பொறியாளரை மூன்று முறை அழைத்தார்; மணி அடித்ததே தவிர எடுப்பார் இல்லை. கரை உடைந்தால் கீழே நானூறு வீடுகள். இரண்டு ஷட்டர்களைத் திறந்தார். வீடுகள் தப்பின. ஆற்றோரச் சரக்குக் கிடங்கு ஒன்றில் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. கிடங்குக்காரர் புகார் கொடுத்தார்.

2. விசாரணையில் தங்கள் மையத்தின் தரவைக் காட்டினார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு, அதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேர மழை அளக்கப்படுகிறது. ஞாயிறு காலை: சுழியம். திங்கள் காலை: 214 மி.மீ. ஆகவே மழை ஞாயிறு எட்டு மணிக்குப் பிறகே பெய்தது, ஆறு மணிக்கு ஷட்டரைத் திறந்தது பொறுப்பின்மை என்று சொல்லிவிட்டார்கள். நீர்மட்டப் பதிவேட்டைக் காட்டினால், அது அண்ணன் கைப்பட எழுதியதாம், செல்லாதாம். விடிய விடிய நனைந்த மனிதரிடம் மழையே இல்லை என்று சாதிக்கிறார்கள்.

3. பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. தங்கள் தளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்த பன்னிரண்டு ஆண்டுத் தரவை இறக்கி, அச்சடித்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். 626 ஞாயிறுகள். ஒன்றில்கூட ஒரு துளி இல்லை. எங்கள் ஊர் மழை அவ்வளவு ஒழுங்காக வாரவிடுப்பு எடுத்துக்கொள்வது எங்களுக்கே தெரியாமல் போயிற்று. பிறகு விமான நிலையத்தின் மணிவாரித் தரவையும், செயற்கைக்கோளிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை கிடைக்கும் மழை மதிப்பீட்டையும் பார்த்தேன். அவையும் பொதுவில் இருப்பவையே. இரண்டிலும் சனி பிற்பகல் மூன்று மணிக்கே மழை தொடங்கிவிட்டது.

4. எங்கள் மழைமானி ஓர் அலுவலக மாடியில் இருக்கிறது. அதை அளக்கும் ஊழியரைப் போய்ப் பார்த்தேன். அவர் மழுப்பவில்லை. "ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும்மா, மாடிக்குப் போக வழியில்ல. கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது. அதான் சைபர் போட்டுடுவேன்" என்றார். இரண்டு நாள் தண்ணீரும் திங்களன்று ஒன்றாக அளக்கப்படும். இதைச் சொல்லி அவர் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களின் நகல்களையும் காட்டினார். அவருக்கும் பதில் வரவில்லை. இப்போது பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட வேண்டாம்.

5. இதை முதல் கடிதத்தில் எழுதினேன். ஒன்பதாம் நாள் எங்கள் ஊர்த் தரவு தளத்திலிருந்து காணாமல் போயிற்று. 'பராமரிப்புப் பணி' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று யாரோ தங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். என் பிரதி பத்திரமாக இருக்கிறது.

6. வரும் வியாழன் பதினொரு மணிக்கு இறுதி விசாரணை. 'கவனக்குறைவாகத் திறந்துவிட்டேன்' என்று தட்டச்சிட்ட தாள் தயாராக இருக்கிறது. கையெழுத்திட்டால் எச்சரிக்கையோடு வேலை, இல்லாவிட்டால் பணிநீக்கம். அண்ணி, பாவம், பயத்தில் "போட்டுட்டு வந்துடுங்களேன், யாரு கேக்கப் போறாங்க" என்கிறார். அந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணன் எழுந்து போய்விடுகிறார். 'மழைக்கு முன்னாடியே திறந்த ஆள்' என்று கடையில் யாரோ சிரித்தது காதில் விழுந்ததிலிருந்து வாசல் தாண்டுவதே இல்லை. சிரித்தவர் வீடும் அந்த நானூறில் ஒன்று. எனக்கு வயிறு எரிகிறது, ஐயா. அதை மரியாதையான சொல்லில் எழுத எனக்குத் தெரியவில்லை.

7. மழையைக் கூட்டியோ குறைத்தோ எழுதும்படி நான் கேட்கவில்லை. அளக்காத நாளின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். மழை இல்லை என்பது வேறு, பார்க்கவில்லை என்பது வேறு. இந்த எண்களை நம்பித்தான் ஒருவர் பாலத்துக்கு உயரம் குறிக்கிறார், இன்னொருவர் வடிகாலுக்கு அகலம் குறிக்கிறார். எடுத்த தரவை எடுத்த இடத்தில் வையுங்கள். வியாழனுக்கு முன், 'அந்த ஞாயிறு மழை அளக்கப்படவில்லை' என்ற ஒரே வரியை விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் 626 வரிகளையும் சுவரொட்டியாக அச்சடித்து, விசாரணை அறை வாசலிலிருந்து தங்கள் அலுவலக வாசல்வரை ஒட்டுவேன். எங்கள் அச்சகத்தில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன், வியாழன் காலைவரை மட்டும்.

நாள்: விசாரணைக்கு ஆறு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை
இடம்: நீர்த்தேக்கச் சாலை

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஷட்டர் இயக்குநரின் தங்கை

(கீழே உள்ளது என் அண்ணன் தம் கையால் எழுதியது.)

தங்கை இதைப் படித்துக் காட்டினாள். அவர்கள் தட்டச்சிட்ட தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இதில் போடுகிறேன். அன்று காலை ஷட்டரைத் திறந்தது நான்தான். அந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால், வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய்த் திறப்பேன்.

(கையொப்பம்)
ஷட்டர் இயக்குநர்