ஒரே வீட்டு ரத்தம்

காரமடை,
ஜூன் 9, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? போனில் பேசலாம் என்றால் அத்தை பக்கத்தை விட்டு நகர்வதில்லை. அதனால் வாழைத்தார் ஏற்றிவரும் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, இரண்டு மாதம். "மூத்தவகிட்ட இப்ப ஒண்ணுஞ் சொல்லிப்போடாத அம்மணி, கண்ணு பட்டுரும்" என்கிறார் அத்தை. ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் நாம். உங்களிடம் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. கோபமில்லையே?

உங்கள் தங்கை போன்ற
மௌனிகா

ஆர்.எஸ்.புரம்,
ஜூன் 13

மௌனி அம்மணிக்கு,

வாழைத்தாரும் கடிதமும் வந்து சேர்ந்தன. சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. பொறாமையாக இருக்கிறது. உனக்குக் கல்யாணமாகி வருடம்கூட ஆகவில்லை. எனக்கு ஆறு வருடத்தில் மூன்று கலைந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அத்தை, "அவ வயித்துல தங்கறதில்லீங்க" என்று ஊர் முழுக்கச் சொன்னார்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. போன மாதம் நானும் வம்சியும் மரபணு ஆலோசகரிடம் போனோம். என் ரத்தத்தில் குறை இல்லை. வம்சிக்கு இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. மொத்தத்தில் எதுவும் குறையாததால் அவருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. பிள்ளைக்குப் போகும்போது சில சமயம் துண்டு கூடியோ குறைந்தோ போய்விடுமாம். அப்படி ஆனால் கரு கலையும், இல்லாவிட்டால் பிள்ளை குறையோடு பிறக்கும். "கூடப் பொறந்தவருக்கும் இருக்கலாமுங்க, பாத்துருங்க" என்றார் அந்த அம்மா. யாரிடமும் சொல்லாதே என்று வம்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் உன்னிடம் சொல்கிறேன். அவர் தம்பி, உன் ரித்விக்கின் ரத்தத்தைச் சோதித்துவிடுங்கள்.

பிரத்யுஷா

காரமடை,
ஜூன் 20

அக்காவுக்கு,

கடிதத்தை இவரிடம் காட்டினேன். "அண்ணிக்கு வயித்தெரிச்சல், வேறென்ன" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பொறாமை என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் என் பிள்ளை குறையோடு பிறக்கும் என்றால் எதை நம்புவது? கண் படும் என்று சொன்ன அத்தையிடம் உங்களுக்காகச் சண்டை போட்டவள் நான்.

ஆனாலும் தூக்கம் போய்விட்டது. இவரை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்துவிட்டேன். ஒன்றுமில்லை என்று வந்தால் இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

மௌனிகா

காரமடை,
செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இவருக்கும் இருக்கிறது. வம்சி மாமாவுக்கு உள்ள அதே மாற்றம்தான். பயந்துபோய் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தோம். பிள்ளைக்கும் அப்பாவைப் போலவே துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன, ஆனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "இதனால ஒரு தொந்தரவும் வராதுங்க, தைரியமா இருங்க" என்றார் டாக்டர். அங்கேயே அழுதுவிட்டேன். அத்தைக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. இனி உங்கள் வயிற்றைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

அன்று அப்படி எழுதியதை மன்னித்துவிடுங்கள். வளைகாப்புக்கு முதல் வளையல் நீங்கள்தான் போட வேண்டும்.

உங்கள்
மௌனி

ஆர்.எஸ்.புரம்,
செப்டம்பர் 6

மௌனி அம்மணிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். மன்னிக்க ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்று கலைய வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ரித்விக் சொன்னது பொய்யில்லை.

வம்சியின் ரத்தம்தான் காரணம் என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. இருவருக்கும் ஒரே கோளாறு. என்னுடைய மூன்றும் போயின, உன் முதல் பிள்ளை தங்கிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் என்று ஆலோசகரிடம் கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் புதுசாச் சீட்டுக் குலுக்கற மாதிரிங்க. உங்க மேல தப்பில்லீங்க" என்றார். குலுக்கலில் உன்னிடம் தோற்றது தாங்கவில்லை.

வளைகாப்புக்கு வர மாட்டேன். உன் கையைப் பிடிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ அதைப் பார்க்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பையனோ பெண்ணோ, உன் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது, வரப்போகிற மருமகனிடமோ மருமகளிடமோ இதை முதலில் சொல்லிவிடு. வீட்டில் யார் தடுத்தாலும் கேட்காதே. நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

பிரத்யுஷா