உள்பக்கத் தாழ்ப்பாள்

அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, பொக்கராவிலிருந்து தில்சரி எழுதுவது. தோள் வீக்கம் வடிந்ததா? மாடு முட்டியதென்று அத்தையிடம் சொல்லி எழுதியிருந்தாயே, மாட்டைத்தான் போன தசைன் பண்டிகைக்கே விற்றுவிட்டோமே!

அதை விடு, சந்தோஷச் செய்தி கேள்! வெல்டிங் பட்டறையில் நேற்று நானே தனியாக ஓர் இரும்புக் கதவு செய்து முடித்தேன். வாங்க வந்தவர், "பொம்பள பத்தவச்ச கதவா? தும்முனா விழுந்துடுமே!" என்று ஏறித் தொங்கிப் பார்த்தார். கதவு அசையவில்லை, அவர் கால்சட்டைதான் கிழிந்தது! முதலாளி, "இனிமே கதவெல்லாம் உன் பொறுப்பு, தங்கச்சி" என்றுவிட்டார்.

நீ படுக்கும் அறையின் வாசலை உன் இடுப்புத் துணியால் அளந்து, முடிச்சுப் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடு. துவைக்காமலே அனுப்பு.

கரண்ட் வந்துவிட்டது, ஓடுகிறேன். அப்பா கேட்டால் திருடன் பயம் என்று சொல். தாழ்ப்பாளை உள்பக்கம் வைக்கிறேன். இனி அந்த மாடு உள்ளே வராது.

உன் தில்சரி