கடைசிச் சொல்

வெள்ளிக்கிழமை, ஒரகடம்

ஆயுத பூஜையன்று நான் எழுதிய கானாவைத் தன்னுடையது என்று பாடிக் கைதட்டு வாங்கிய சூப்பர்வைசர் பாஸ்கர், இன்று கேன்டீனில் என் தோளில் கை போட்டார்.

“இன்னாபா, நாளைக்கு பஸ்ஸுல பாடச் சொல்றானுங்க. புதுசா நாலு லைன் எழுதிக் குடேன்.”

அவருக்கு வெட்கமே இல்லை. அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

ஷிப்டு முடிஞ்சா இருட்டு,
தூக்கம் வந்தா விரட்டு,
பக்கத்து சீட்டுல உருட்டு,
நம்ம சாரு பாட்டு விருந்து.

இருட்டு, விரட்டு, உருட்டு என்று வந்த இடத்தில் விருந்து ஒட்டவே ஒட்டாது. காது இருப்பவனுக்குத் தெரியும். அவர் படித்துவிட்டு, “சூப்பரா கீதுபா” என்றார்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் யார் பாடினாலும் கடைசிச் சொல்லை விட்டுவிடுவார்கள். பின் சீட்டுக்காரர்கள்தான் அதைக் கத்துவார்கள். ஆயுத பூஜைக் கானா யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். உருட்டுக்குப் பிறகு என்ன வரும் என்றும் தெரியும்.

என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டியவரும் அவர்தான். அதை இப்போது நினைக்கப் போவதில்லை. நாளைக்கு அவர் வாயை மூடியதும் பஸ்ஸே கத்தட்டும்: திருட்டு!