ஒரே ஆளுக்கு மூன்று தேதி

அன்புள்ள அம்மாவுக்கு, செல்வப்பிரியா எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பாவின் கால் புண் ஆறுகிறதா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் மழைதான் விடவில்லை.

நேற்று கிளினிக்கில் கொஞ்சம் சத்தம், பயப்படாதீர்கள். கொழுந்து பறிக்கிற முத்துப்பேச்சி அக்கா வந்தார். சர்க்கரை, பிரஷர், கூடவே தூக்கம் வராத மனக்கஷ்டம். "லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போச்சு தாயி, எல்லாத்தையும் இன்னைக்கே பாத்துரு" என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாம் பார்த்தேன்.

சூப்பர்வைசர் ராஜசேகர் சார் நோட்டைப் பார்த்துக் குதித்தார். "ஒரே நாள்ல பாத்தா ஒரு விசிட்டுதான் சிஸ்டர். மூணு தேதி குடுத்திருந்தா நம்ம கிளினிக்குக்கு மூணு விசிட்டுக்குக் காசு வந்திருக்கும்ல?"

நோய்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சுவரில் போஸ்டர் ஒட்டியவரும் இவர்தான். காசை மட்டும் மேலிடத்தில் விசிட் கணக்கில் துண்டு துண்டாகத்தான் தருவார்களாம். எரிச்சலாக வருகிறது. அடுத்த மாதமும் அக்காவை ஒரே நாளில்தான் பார்ப்பேன், சம்பளத்தில் பிடிப்பதைப் பிடிக்கட்டும்.

பருப்புப் பொடி யாரிடமாவது கொடுத்து விடுங்கள். தனி ஆளுக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை. அப்பா சர்க்கரைக்கு ஒரு நாள், புண்ணுக்கு ஒரு நாள் என்று அலைய வேண்டாம். மாத்திரைகளை ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நம் எலப்புள்ளி ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸாவது முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்தால், அவள் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவளுக்கும் இந்த மாதம் திட்டு விழுந்திருக்கும்.

கிளினிக் ஜீப் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

பிரியா