விசாலம் தவறவிட்ட ரயில்

4 அக்டோபர் 1941, சனி

காலையிலிருந்து தூறல். காகிதம் நமத்துப்போய்ப் பிரெயில் புள்ளி எழும்பவில்லை. அடுப்பு ஓரமாகக் காய வைத்து, பிறகுதான் குத்த முடிந்தது. கட்டைவிரலில் வீக்கம்.

அச்சுப் புத்தகத்தைப் பார்த்துப் புள்ளியில் எழுதிவரும் நாவலில், கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடிந்தது. மாலையில் காந்திமதி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். வடக்கு மாசி வீதி முழுக்கச் சேறு.

அக்கா எங்கள் மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவர். கண் போனதும் வேலையும் போனது. அந்த இடத்துக்குத்தான் என்னை எடுத்தார்கள். புள்ளி எழுத்தை அதற்குப் பிறகு கற்றுக்கொண்டார். கற்றபின் தடவிப் படிக்கக் கிடைத்தவை: சுவிசேஷம், சுகாதாரப் பாடம், பாலர் கதை. “தலை பாதி வெளுத்துப்போச்சு, இன்னும் நரியும் காக்காயுமா?” என்று ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் குருடர் பள்ளி நூலகத்தில் கெஞ்சி, ஒரே ஒரு நாவலுக்குக் காகிதம் வாங்கினேன். அக்கா படித்ததும் பிரதி நூலகத்துக்குப் போக வேண்டும். வளர்ந்தவர்கள் படிக்க அங்கே வேறு கதை கிடையாது.

அக்காவின் தம்பி மனைவி செல்லம் காப்பியோடு வந்தாள். “சனிக்கிழமையானா மதினிக்குக் காது வாசல்லதான் டீச்சர். நாங்க கூப்பிட்டா மட்டும் கேக்காது.”

“நீ கூப்பிடுறது அம்புட்டும் வெங்காயம் உரிக்கத்தானே” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “கதை இன்னும் எம்புட்டு இருக்கு?”

இன்னும் கொஞ்சம் இருக்கு அக்கா என்றேன். இருப்பது ஒரே அத்தியாயம். அதுவும் சின்னது.

6 அக்டோபர், திங்கள்

மண்ணெண்ணெய், சோப்பு, தபால் கார்டு. எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் பாதி.

இன்று என்னிடம் பாடத்துக்கு வெளியே ஒருவர் பேசியது: “டீச்சர், மணி அடிச்சாச்சு.” அவ்வளவுதான்.

நூலகத்திலிருந்து பதில். யுத்தத்தால் காகிதத் தட்டுப்பாடு. அடுத்த நாவலுக்கு வழியில்லை. கடைசி அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டுக்குப் போக எனக்கு என்ன காரணம்? சும்மா போகலாம். கையில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகத் தெரியாது எனக்கு.

புத்தகத்தில் விசாலம், தன்னைத் தள்ளிவைத்த கணவனிடம் திரும்பப் போக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். இனி ரயில் ஏறுவாள், காலில் விழுவாள், சுபம். புள்ளி குத்தும் பித்தளைச் சட்டத்தில் காகிதத்தை மாட்டினேன். புத்தகத்தை மூடி வைத்தேன். நானாகவே குத்தினேன்: ரயில் போய்விட்டது, விசாலம் பிளாட்பாரத்தில்.

11 அக்டோபர், சனி

வெயில், புழுக்கம். நான் எழுதிய அத்தியாயத்தை அக்கா என் எதிரிலேயே படித்தார். வலது விரல் வரியை முடிக்கும் முன்பே இடது விரல் அடுத்த வரியில் போய்க் காத்திருக்கும். ஓரிடத்தில் இரண்டும் நின்றன. சிரிப்பு.

“புருஷனுக்குக் கொண்டுபோன அதிரசத்தை பெஞ்சுல உக்காந்து இவளே தின்னுட்டாளே! இந்தக் கதை எழுதின ஆளுக்கு இப்பத்தான் எழுத வருது.”

காது சுட்டது. ஜட்கா வண்டி வைக்கவில்லை. அறைவரை நடந்தே வந்தேன். வெட்கம்தான். ஆனாலும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு.

15 அக்டோபர், புதன்

மழை. இன்னொரு அத்தியாயம். விசாலம் ஊர் திரும்பாமல் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்கிறாள். தனி அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். எழுதுவதும் நகத்தால் அமுக்கி அழிப்பதுமாக மாலை போயிற்று.

கொட்டாம்பட்டியிலிருந்து அண்ணன் கடிதம். பதில் போடவில்லை.

18 அக்டோபர், சனி

வீதியெல்லாம் தீபாவளிக் கூட்டம். இரண்டாவது அத்தியாயத்தை அக்கா மெதுவாகப் படித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

“இது யார் எழுதினது ஞானம்?”

“புஸ்தகத்துல உள்ளதுதான்...”

“பாத்து எழுதுறவுக தப்பு விடுவாக, அழிப்பாக. வரிக்கு வரி மனசு மாற மாட்டாக.”

என் விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தார். கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. அழித்த புள்ளி அழிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விரலுக்குச் சொரசொரப்பு இருந்தது.

“இங்க ‘நான்’னு குத்திட்டு, அமுக்கிட்டு, ‘விசாலம்’னு போட்டிருக்க. இன்னும் படிக்க வருது.”

விரலை இழுத்துக்கொண்டேன்.

“காரம் ஆகாது, வாசலுக்குப் போகக் கூடாது, சாவு, துஷ்டிச் சேதி சொல்லக் கூடாது. எனக்கு எதைக் குடுக்கலாம்னு இந்த வீட்டுல எல்லாரும் முடிவு பண்றாக. கதையிலயுமா? நாளைக்கு இதை வேற ஒருத்தி படிப்பா. அவளுக்கு யார் சொல்றது, இது அந்தப் புஸ்தகம் இல்லைன்னு? முடிவு மட்டமா இருந்தா இருக்கட்டும். அதைத் திட்டுற பாத்தியதை எனக்கு வேணும்.”

“முடிஞ்சுட்டா நான் எப்படி இங்க...” பாதிதான் வெளியே வந்தது.

அக்கா காகிதங்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு: “நெசமான கடைசியை எழுதி சோமுகிட்டக் குடுத்துவிடு. நீ வர வேண்டாம்.”

வாசலில் செல்லம். “முறுக்கு சுட்டேன், எடுத்துக்கிட்டுப் போங்க டீச்சர்.” வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு வாக்கியம் தேவைப்பட்டது.

19 அக்டோபர், ஞாயிறு

ஆலயம். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

மதியம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் பார்த்து எழுதினேன். விசாலம் காலில் விழுந்தாள். கணவன் மன்னித்தான். ஒரே மூச்சில் முடிந்தது. எங்கும் நகம் வைக்கவில்லை.

21 அக்டோபர், செவ்வாய்

அக்காவின் தம்பி சோமு, கோர்ட்டுக்குப் போகிற வழியில் வந்து வாங்கிக்கொண்டு போனார். “என்ன டீச்சர், இளைச்சுட்டீக?” பரீட்சை நேரம் என்றேன்.

25 அக்டோபர், சனி

மாலை, வழக்கமாகக் கிளம்பும் நேரம். செருப்பை மாட்டிக்கொண்டு அறை நடுவில் நின்றேன். கழற்றி வைத்தேன்.

முறுக்கு எறும்பு மொய்த்துவிட்டது.

1 நவம்பர், சனி

மழை விட்டு வெளிச்சம். வைகையில் செந்தண்ணீர் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

காலையில் சோமு காகிதக் கட்டைக் கொண்டுவந்தார். நூலகத்துக்கு அனுப்ப வேண்டிய பிரதி.

“படிச்சு முடிச்சாச்சாம் டீச்சர். கடைசிப் பக்கத்துல ‘தூ’ன்னு ஒரு சத்தம். வீடே திரும்பிப் பாத்துச்சு.”

பிரித்துப் பார்த்தேன். எல்லா அத்தியாயங்களும் வரிசையாக. புத்தகத்தின் கடைசி, கடைசியாக. நான் எழுதிய இரண்டும் இல்லை.

“வேற காகிதம் எதுவும் குடுக்கலையா?”

“கேட்டேன். ‘அது எனக்கு வந்தது’ன்னு சொல்லிப் பெட்டியில வச்சுப் பூட்டிருச்சு.” குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் நின்றார். “ஆங், மறந்துட்டேன். விசாலம்னு யாரோ புதுசா வேலைக்குச் சேந்திருக்காகளாமே? தனியாவா சோறு திங்கிறா, தொணைக்கு யாரும் கெடைச்சாகளான்னு அக்கா கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. யாரு டீச்சர், ஒங்க பள்ளிக்கூடமா?”

ஆமாம் என்றேன். இன்னும் யாரும் கிடைக்கவில்லையாம் என்றேன்.