மூன்றாம் நம்பர் ரீல்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் தூக்கி மூலையில் போட்டிருக்கமாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே உன் அக்கா, உன் மருமகள், நான் மூவரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து போகிறது. வருவது என்னால், போவது மாத்திரையால் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருமகள் கணக்குப் பரீட்சையில் தேறிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே ஆச்சரியம்.

போன வாரம் நீ அக்காவுக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. கடலில் மீன் பிடிக்கிற ரீல்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தூண்டில் நரம்பு மாற்றவேண்டும், புது முதலாளி இரண்டு வருஷம் தாங்கும் என்கிறார், 'அங்க இருக்கிறவர்கிட்ட' கேட்டுச் சொல்லு என்று எழுதியிருந்தாய். பத்து மாதத்தில் என்னைப் பற்றி நீ எழுதிய முதல் வார்த்தை. அத்தான் என்ற பட்டம் பறிபோனாலும், இருக்கிறவர் என்றாவது ஒப்புக்கொண்டாயே! ஆனால் நரம்பு விஷயத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாமே நீ சொல்லிக்கொடுத்தது. இவனுக்குத் தெரியாததா, எதற்கு என்னிடம் கேட்கிறான் என்று அக்காவிடம் கேட்டேன். "பேச ஆரம்பிக்கிறான். அது கூடவா உங்களுக்குப் புரியல?" என்றாள். அவள் சொன்ன பிறகு புரிந்தது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், உன் முதலாளிக்கு அப்படியே வாசித்துக் காட்டு. நைலான் நரம்பை வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றியே ஆகவேண்டும். வாரத்தில் நாலு நாள் கடலுக்குப் போகும் படகென்றால் நடுவில் ஒருமுறை திருப்பியும் போடவேண்டும். அதாவது, ரீலிலிருந்து மொத்தத்தையும் கழற்றி, வெயிலும் உப்பும் தின்ற மேல்பகுதியை அடிக்குத் தள்ளி, அடியிலே பத்திரமாகக் கிடந்த பகுதி மேலே வரும்படி சுற்றுவது. கரைக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி, நுனியில் நாலு முழம் வெட்டி எறியவேண்டும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் பஞ்சை வைத்து அதற்குள் நரம்பை இழுத்துப் பார்க்கலாம், சிராய்ப்பு இருந்தால் பஞ்சு மாட்டும். பெரிய மீன் ஒன்று இழுத்துப் போராடிய பிறகு காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது, அன்றைக்கே நரம்பைப் பார்க்கவேண்டும். பின்னல் நரம்பு இரண்டு வருஷம் தாங்கும். உன் முதலாளி அதையும் நைலானையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாரோ என்னவோ.

இதை எழுத ஐந்து நிமிஷம் ஆனது. இனி எழுதப்போவதற்குத்தான் இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை, படகு எடுக்கவில்லை. வருஷ நரம்பு மாற்றிவிடலாம் என்று ரீல்களை எல்லாம் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அக்கா பழைய நரம்பைச் சுற்றிக்கொள்ள ஒரு வாளியோடு எதிரே உட்கார்ந்தாள். மூன்றாம் நம்பர் ரீலை அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் தொடவே இல்லை. கோபத்தில் அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டது, தூசி படிந்து கிடந்தது. அதையும் இறக்கினேன்.

அந்தச் சம்பவத்தை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதத்தான் போகிறேன், நான் செய்ததை நானே என் கையால் எழுதிப் பார்க்கவேண்டும். நம் படகை வாடகைக்கு எடுத்துத் தூண்டில் போட வரும் பல் டாக்டர் மூன்று வருஷமாகக் காத்திருந்த மீன் அன்றைக்கு மாட்டியது. அவ்வளவு பெரிய பாரையை நான் அதற்கு முன் நம் படகில் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் மூன்றாம் நம்பர் ரீலின் நரம்பு அறுந்தது. ரீலில் மிச்சமிருந்த நரம்பைத் தடவினேன், விரலில் மணல் போல் நறநறத்தது. கரைக்கு வந்ததும் படகுத்துறையில் எல்லார் முன்னாலும் கத்தினேன். "மூணு மாசம் வெயில்ல வெந்த நரம்பை அப்படியே விட்டிருக்கான். திருப்பிட்டேன்னு பொய் வேற சொல்றான்" என்றேன். நீ, "நாலையும் திருப்பிட்டேன் அத்தான்" என்றாய். மூன்று தடவை, அதே குரலில் சொன்னாய். நான் மூன்று தடவையும் கேட்கவில்லை. வேலை தெரியாதவனைப் படகில் வைத்திருந்தது என் தப்பு என்றும் சொன்னேன். நீ சாவியை என்ஜின் மூடிமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ரீலில் இருந்த நரம்பை அக்கா இழுத்து இழுத்து வாளியில் போட்டாள். கடைசிச் சுற்று வந்தது. அடியில் நரம்பை ரீலோடு சேர்த்துக் கட்டியிருந்த முடிச்சு தெரிந்தது. நுனியில் கடுகு மாதிரி ஒரு கருப்பு மணி.

மச்சான், அது என் முடிச்சு. நீ முடிச்சுப் போட்டால் எச்சில் தொட்டு இறுக்கி நுனியைக் கத்தரியால் வெட்டுவாய். லைட்டரால் சுட்டு உருக்குகிறவன் நம் வீட்டில் நான் ஒருவன்தான். சூடு பட்டால் நரம்பு செத்துப்போகும் அத்தான், செய்யாதீங்க என்று நீ எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்! உன் பேச்சைக் கேட்டுத் திருந்தியிருந்தால் இந்த முடிச்சு என்னைக் காட்டிக்கொடுத்திருக்காது, இன்றைக்கும் நான் நல்லவனாகவே இருந்திருப்பேன்.

எனக்கு உடனே எல்லாம் ஞாபகம் வந்தது. டாக்டர் வருவதற்கு முந்தின நாள் நீ நாலு ரீலையும் திருப்பிப் போட்டு, உபரியாக வைத்திருக்கும் ஸ்பேர் ரீலையும் சேர்த்துக் கழுவி, நம்பர் ஒட்டியிருந்த டேப்பை எல்லாம் உரித்துவிட்டு வரிசையாகக் காயவைத்திருந்தாய். டீசல் வாங்கப் போனாய். எனக்கு வேலை இல்லை. காலையில்தான் உன் அக்கா, படகில் வாய் மட்டும்தான் நீங்க, கை எல்லாம் என் தம்பி என்று சொல்லியிருந்தாள். அந்த ரோஷத்தில், ஸ்பேரை நீ திருப்பமாட்டாயே, நாம் திருப்பி வைப்போம் என்று கடைசியில் இருந்த ரீலை எடுத்தேன். கடைசியில் இருப்பது எப்போதும் ஸ்பேர்தானே என்ற நினைப்பு. நீ அன்றைக்கு வரிசையை மாற்றி வைத்திருந்தாய் போலிருக்கிறது. கைப்பிடிக் கீறலைப் பார்த்தே எது எது என்று சொல்கிறவன் நீ, எனக்கு ஐந்தும் ஒரே முகம். நீ நல்லதை மேலே கொண்டுவந்தாய். நான் உட்கார்ந்து மெனக்கெட்டு அதை மறுபடி அடியில் போட்டேன். திரும்பி வந்த நீ கீறலைப் பார்த்து நம்பரை ஒட்டினாய். நான் செய்ததை உன்னிடம் சொல்லவும் இல்லை, ஸ்பேர்தானே, சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நான் திருப்பியது ஸ்பேராகவே இருந்துவிடக்கூடாதா என்று மனசின் ஒரு ஓரத்தில் நப்பாசை. ஸ்பேரையும் பிரித்துப் பார்த்தோம். அதன் அடியில் உன் முடிச்சுதான், சுத்தமாக வெட்டிய நுனியோடு இருந்தது. அக்கா அந்தக் கருப்பு மணி வைத்த ரீலைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

மறுநாள் காலை படகுத்துறைக்குப் போனேன். எந்த இடத்தில் நின்று உன்னைச் சொன்னேனோ அதே இடத்தில் நின்று, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். பக்கத்துப் படகு நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நீ ஊரைவிட்டுப் போவதற்கு முன் அவனிடம் வேலை கேட்டு வந்தாயாம். அவனிடம் மட்டுமில்லை, அவனோடு சேர்த்து இந்தத் துறையில் மூன்று படகில் கேட்டாயாம். "சொந்த அத்தானே வேலை தெரியாதவன்னு சொன்ன பிறகு நாங்க எப்படிச் சேர்த்துக்குவோம்?" என்றான். நீ கோபத்தில் போனாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன், உன் அக்காவிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இங்கே இருக்கத்தான் நீ பார்த்திருக்கிறாய். என் வாய்தான் உன்னை அவ்வளவு தூரத்துக்குத் துரத்தியது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, மச்சான். அழுகையும் வருகிறது.

டாக்டரைப் பார்க்க அவருடைய கிளினிக்குக்கே போனேன். பல்வலி என்று நினைத்து நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த வாயோடு பாதி, மூடிய வாயோடு பாதி என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. ஊரெல்லாம் சொல்லியாயிற்று, உனக்கு மட்டும் சொல்லவில்லை. துறையில் பத்துப் பேர் முன்னால் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, உனக்கு எழுதுவதுதான் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கே உட்கார்ந்தேன்.

படகு ஓடுகிறது. நான்தான் ஓட்டுகிறேன். துறையில் கட்டும்போது இரண்டு தடவை இடித்து முன்பக்கம் பெயிண்ட் போய்விட்டது. ஆட்கள் வருகிறார்கள், போன வருஷம் வந்தவர்கள் உன்னைக் கேட்கிறார்கள். இதையெல்லாம் சொல்லி உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. வந்தால் படகின் சாவி உன்னுடையது, துறையில் என்னை நிறுத்திவைத்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அங்கேயே நன்றாக இருக்கிறது என்றால் அங்கேயே நன்றாக இரு. குளிர் அதிகம் என்று அக்காவுக்கு எழுதியிருந்தாய். ஈரத்தில் வேலை செய்கிற கை வெடிக்கும், படுக்கும்போது எண்ணெய் தடவிக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அங்கேயும் யாராவது, பழைய படகை ஏன் விட்டாய் என்று கேட்டிருப்பார்கள். நீ என்ன சொல்லிச் சமாளித்தாய் என்று தெரியாது, என்னை விட்டுக்கொடுத்திருக்கமாட்டாய் என்று மட்டும் தெரியும். இனி அப்படிக் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. மூன்றாம் நம்பர் ரீலில் உன் வேலை சரியாக இருந்தது, கெடுத்தவன் நான், படகின் சொந்தக்காரன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என்மேல் இருக்கும் கோபத்துக்கு இதைக் கிழித்துப் போட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. இருந்தாலும் கிழிக்காதே, மச்சான்.

இப்படிக்கு,
உன் அத்தான்