மீண்டும் இரண்டாம் வகுப்பு

மார்ச் 11, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வரும் போல இருந்து வரவில்லை. வாங்க வேண்டியது: சாளை மீன், மரச்சீனிக் கிழங்கு, அனிஷாவுக்கு வெள்ளை சாக்ஸ்.

கடையில் பெயிண்ட் லோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது பள்ளியிலிருந்து போன். உடனே வர வேண்டுமாம். காய்ச்சலோ, எங்காவது விழுந்துவிட்டாளோ என்று வழியெல்லாம் பயம். அதெல்லாம் இல்லை.

கிளாஸ் டீச்சர் சின்னப் பெண். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் தேர்வு வைத்திருக்கிறார்கள். முன்பின் பார்க்காத ஒரு பத்தி, தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. அனிஷா இரண்டுக்கும் வாயே திறக்கவில்லையாம்.

"மூணாங்கிளாசுக்குப் போனா பிள்ள ரொம்பக் கஷ்டப்படும் சார். அடுத்த வருசமும் ரெண்டுலயே இருக்கட்டும்."

"தோத்துட்டாளா டீச்சர்?"

"தோக்கடிக்கது இல்ல சார். நிறுத்தி வைக்கது. அதுவும் நீங்க சம்மதிச்சாத்தான்."

அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும். திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் கூட்டுக்காரி அபியின் தோளில் தலையைச் சாய்த்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் மனைவி ஷீபா வீடியோவில். மஸ்கட்டில் டூட்டி முடிந்து வந்து நர்ஸ் யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. கண்ணெல்லாம் தூக்கம். "ஸ்கூல்ல என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

சாக்ஸ் மறந்துபோயிற்று.

மார்ச் 12, புதன்

கஞ்சி, பயறு. துணி துவைத்தது. மின்சாரம் இரண்டு தடவை போயிற்று.

அனிஷாவைத் தமிழ்ப் புத்தகத்தோடு உட்கார வைத்தேன். கணீரென்று வாசித்தாள். விரல் வைத்து, நிறுத்தி, ராகத்தோடு. டீச்சருக்குத்தான் கோளாறு என்று ஒரு நிமிடம் சந்தோஷம். பிறகு பக்கம் திருப்பும்போது தெரியாமல் இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டுவிட்டன. அவள் நிறுத்தவில்லை. எதிரே இருந்தது மழையைப் பற்றிய பாட்டு. அவள் வாசித்தது குருவி கதை.

எல்லாம் மனப்பாடம். முழுப் புத்தகமும்.

'குடை' என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தில் விடை இருக்குமா என்று தேடினாள். இப்படித்தான் இத்தனை நாளும் சமாளித்திருக்கிறாள். நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லா வாசிக்கியே மக்கா" என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

அரை நாள் லீவு. கண் டாக்டர். சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, பார்த்து, "கண்ணுல ஒரு கொறையும் இல்ல" என்றார். சந்தோஷப்பட வேண்டியது. எனக்கு ஏமாற்றம். ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பிப் போயிருந்தேன்.

இதை யாரிடமாவது சொல்லலாம் என்று போனில் பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். கடைக்காரர்கள். பிளம்பர். வளைகுடாவில் கூட வேலை பார்த்தவர்கள், பேசி வருடக்கணக்கு ஆகிறது. சபை ஆட்கள். ஒருவரும் தோதுப்படவில்லை. வைத்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

ஷீபாவிடம் சொன்னேன்.

"பிள்ளையப் பாக்கத்தானே நீங்க அங்க நிக்கிய? அப்பம் என்னதான் பாத்திய?"

உண்மைதான். பிள்ளைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று வந்தபோது, நர்ஸ் வேலை நல்ல வேலை, நீ அங்கேயே இரு, நான் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னவன் நான்தான்.

"தோக்க விடாதிய. கெஞ்சியாவது கேளுங்க. ஒரு பிள்ள தனியா அங்கினயே கெடக்கது என்னன்னு உங்களுக்குத் தெரியாது."

அவள் குரல் அப்படி உடைந்து கேட்டதில்லை. நானும் சத்தமாக ஏதோ சொன்னேன். லைன் போயிற்று. திரும்பினால் கதவருகில் அனிஷா. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கவில்லை.

சாயங்கால ஜெபத்தில் அனிஷா வழக்கம்போல அம்மாவுக்கு, டூட்டிக்கு, கொசுவுக்கு எல்லாம் ஜெபித்தாள். கடைசியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு:

"இயேசப்பா, அபியும் தோக்கணும். ஆமென்."

நானும் ஆமென் சொல்லிவிட்டேன், பழக்கத்தில். அப்புறம் அடுக்களையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

லேசான தூறல். பள்ளிக்குப் போனேன். கெஞ்சத்தான் போனேன். வாயில் வேறு கேள்வி வந்தது.

"அடுத்த வருசம் இதே கிளாசுல இருந்தா, அவளுக்கு வேற மாதிரி சொல்லிக் குடுப்பியளா டீச்சர்?"

டீச்சர் நேர்மையான பெண். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அதே புக்கு, அதே பாடம்தான் சார். பிள்ளைய நெறைய. தனியா ஒருத்திய வச்சு இருக்க நேரம் இல்ல. இன்னொரு தடவ கேட்டா பிடிச்சிருவான்னு ஒரு நம்பிக்க."

கேட்டாலே மனப்பாடம் செய்கிறவள். இன்னொரு தடவை கேட்டால் இன்னும் நன்றாக மனப்பாடம் செய்வாள். அதை டீச்சரிடம் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் சர்க்கார் பள்ளி. எத்தனையோ நாள் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று உள்ளே போனேன். தலைமை ஆசிரியை சத்துணவு முட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரமாக வெளியாள் யாரிடமும் சொல்லாதது மொத்தமும் கொட்டியது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மூணாங்கிளாசுல சேருங்க. வயசுக்கு ஒத்த பிள்ளைங்க கூட இருக்கட்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைய இங்கயும் உண்டு. காலைல அவங்கள மட்டும் தனியா உக்கார வச்சு எழுத்துல இருந்து தொடங்குவோம்."

"படிச்சிருவாளா டீச்சர்?"

"சத்தியம் பண்ண முடியாது. பக்கத்துல ஒரு ஆளு இருக்கும். அத சொல்ல முடியும்."

ஷீபா ஒத்துக்கொள்ள மாட்டாள். இங்கிலீஷ் மீடியம் அவள் பிடிவாதம்.

மார்ச் 20, வியாழன்

ஐந்து நாளாக ஷீபா என்னிடம் சரியாகப் பேசவில்லை. கூப்பிட்டால் "பிள்ளைட்ட குடுங்க", அவ்வளவுதான். சர்க்கார் பள்ளி விஷயத்தை எழுதி அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை.

இன்று போனை அனிஷாவிடம் கொடுத்துவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது.

"மோளே, அம்ம ஒரு காரியம் சொல்லட்டா? அம்மயும் தோத்தவதான். மூணாங்கிளாசுல."

"பொய்."

"பொய்யில்ல. கூட இருந்தவளுவ எல்லாம் நாலுக்குப் போயிட்டாளுவ. நான் மட்டும் அங்கினயே. மத்ததெல்லாம் குட்டிப் பிள்ளைய. யாரும் கூட வெளையாடல."

"அழுதியா?"

"அழுதேன். யாருக்கும் தெரியாம."

"பொறவு?"

"பொறவு ஒரு டீச்சர் புதுசா வந்தா. எழுத்துல இருந்து தொடங்கினா. அந்த வருசந்தான் வாசிக்கப் படிச்சேன். தோத்ததுனால இல்ல மோளே. அவ வந்ததுனால."

நான் மீனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கல்யாணம் ஆகி இத்தனை வருடம். அவளுக்குப் பிடித்த கறி, பிடிக்காத சித்தி, பயப்படுகிற கனவு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடமிருந்து மெசேஜ். "யார்ட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்து. அந்த ஸ்கூல்லயே சேருங்க."

என்னென்னவோ டைப் செய்து அழித்தேன். கடைசியில் "சாப்பிட்டியா?" என்று மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில் அனிஷா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்: "எனக்க அம்மயும் தோத்தவளாக்கும்!" பெருமையாக. ஷீபாவின் அண்ணி கேட் பக்கம் என்னை நிறுத்தி, "ஷீபா தோத்தாளா? எப்பம்?" என்று கேட்டாள். "மூணாங்கிளாசுல" என்றேன். ஷீபாவிடம் இதைச் சொன்னதும் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன் அந்தச் சிரிப்பை. அவள் முகம் ஸ்கிரீனில் உறைந்து நின்றுவிட்டது, பாதிச் சிரிப்பில். திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

மழை. குடைக்கம்பி ஒன்று போயிருக்கிறது, சரி செய்ய வேண்டும். அனிஷாவுக்குப் புது யூனிபார்ம், கொஞ்சம் பெரிது. ஷீபா டூட்டிக்குப் போகும் வழியில் கூப்பிட்டு முத்தம் கொடுத்துவிட்டு வைத்தாள்.

சர்க்கார் பள்ளி வராந்தாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புது முகத்தை எல்லாரும் ஒன்றாகப் பார்த்தார்கள். அனிஷா என் விரலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒரு சிறுமி கேட்டாள், "நீ எந்தக் கிளாஸ்?"

"மூணு" என்றாள் அனிஷா. பிறகு, யாரும் கேட்காமலே, சத்தமாக: "எனக்கு வாசிக்கத் தெரியாது."

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கும்" என்றாள் அந்தப் பெண், பையைத் தள்ளி இடம் விட்டபடி.

அனிஷா என் விரலை விட்டுவிட்டாள். கடைக்குப் போகும் வழியில்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை.